தொன்னி: பிற துறை மாணவர்களுக்குப் பைத்தான் கற்பிக்க ஏற்ற மென்பொருள்

தாவரவியல், வணிகவியல் போன்ற துறைகளின் மாணவர்களுக்குத் பைத்தான் என்னும் நிரல்மொழியில் தொடக்கநிலைப் பாடம் எடுப்பவர்களுக்கு, நிரலை எழுதி ஓட்டிப் பார்க்க நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மென்பொருள் தொன்னி (Thonny). எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான இந்தத் திறமூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானும் இதனுடனேயே வந்துவிடுவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. முதல் வகுப்பு முழுவதையும் நிறுவும் வேலையிலேயே தொலைத்த ஆசிரியர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் நான் இதை விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம் வேறு. என் வகுப்பு மாணவி ஒருவர் இரண்டு தேர்வு மதிப்பெண்களை இன்புட் கட்டளையால் பெற்றுக் கூட்டினார். 72, 65 என்று கொடுத்ததற்கு 7265 என்று விடை வந்தது. எண்ணுக்கும், வெறும் எழுத்துகளின் வரிசையாகக் கொள்ளப்படும் எழுத்துச் சரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் கரும்பலகையில் இருமுறை விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு நிரலைப் படிப்படியாக ஓட்டச் சொன்னேன். எஃப்7 விசையை அழுத்த அழுத்த, ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகக் கணக்கிடப்படுவதையும், மாறிகளின் (மதிப்புகளுக்கு நாம் இடும் பெயர்களின்) பட்டியலில் 72-இன் இருபுறமும் மேற்கோள்குறி நிற்பதையும் தாமே பார்த்துவிட்டு, "இது நம்பரே இல்லையே, சார்" என்றார். கணினிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாததுதான் பிற துறை மாணவர்களை அதிகம் மிரட்டுகிறது என்பது என் அனுபவம். தொன்னி அதைத் திரையில் விரித்துக் காட்டுகிறது. செயற்கூறு (ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு எழுதிய நிரல்பகுதி) ஒன்றை அழைத்தால் அதற்கெனத் தனிச் சாளரம் திறப்பதால், தன்னையே அழைக்கும் செயற்கூறுகளைக்கூட அச்சமின்றி நடத்த முடிகிறது.

மூடாத மேற்கோள்குறியையும் அடைப்புக்குறியையும் நிறமிட்டுக் காட்டுவதும் நல்ல உதவி. பிழைச் செய்தியை மட்டும் பைத்தான் ஆங்கிலத்தில்தான் தருகிறது. அதை நாம்தான் வகுப்பில் தமிழில் விளக்க வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. ஆயிரம் சுற்றுகள் ஓடும் நிரலைப் படிப்படியாக ஓட்டினால் பொறுமை போய்விடும். அட்டவணைத் தரவையும் வரைபடங்களையும் விளக்கக் குறிப்புகளோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க ஜுப்பிட்டர் (Jupyter) என்னும் குறிப்பேட்டு மென்பொருளே வசதியானது. ஆகவே மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு ஆகியவை கைவரும்வரை தொன்னியில் நடத்திவிட்டு, மாணவர்கள் தங்கள் துறைத் தரவுகளைக் கையாளத் தொடங்கும்போது நான் ஜுப்பிட்டருக்கு மாறிவிடுகிறேன்.