லோக்சவுண்டா, சுனாமியா? முதலில் எந்த எஞ்சின் என்று சொல்லுங்கள்

சுங்கை சிப்புட்டில் மாடல் ரயில் ஓட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒரு தம்பி போன வாரம் ஒட்டுக்கடையில் கேட்டார்: "அண்ணே, டி.சி.சி. எஞ்சினுக்குச் சத்தம் வைக்கணும். லோக்சவுண்ட் 5 வாங்கவா, சுனாமி2 வாங்கவா?" டி.சி.சி. என்பது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் முறை. அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன மின்பலகைதான் டீகோடர். லோக்சவுண்ட் 5, சுனாமி2 இரண்டும் சத்தமும் எழுப்பும் டீகோடர்கள். எந்த எஞ்சினுக்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

என்னிடம் இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன. ஒன்று பிரிட்டனின் கிளாஸ் 37 மாடல். நம் மலேசிய ரயில்வேயான கே.டி.எம்.மின் கிளாஸ் 20க்குப் பதிலாக அதற்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். கிளாஸ் 20, 1957இல் வரத் தொடங்கிய இங்கிலிஷ் எலக்ட்ரிக் வண்டி, 12 சிலிண்டர். நிஜ கிளாஸ் 37க்குள் இருப்பதும் அதே குடும்பத்து டீசல் எஞ்சின்தான், கொஞ்சம் பிந்தியது. அதன் சத்தத்தைக் கேட்டு பிரிட்டன்காரர்கள் அதற்கு 'டிராக்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தோட்டத்து லயத்தில் படுத்தபடி நான் கேட்டு வளர்ந்த சத்தமும் கிட்டத்தட்ட அதுதான்.

இதற்கு லோக்சவுண்ட் 5. உள்ளே இருக்கும் ஒலியை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம் என்பதே பெரிய காரணம். பிரிட்டனில் கிளாஸ் 37 ஒலியைப் பதிவு செய்து, ஏற்றியே விற்கும் கடைகளும் உண்டு. நாமே ஏற்ற வேண்டுமென்றால் கணினியோடு இணைக்கும் லோக்ப்ரோகிராமர் என்ற பெட்டி தேவை. அதன் விலை டீகோடரைவிட அதிகம். ஒரே ஒரு எஞ்சினுக்காக அதை நான் வாங்கியது வீண்.

இரண்டாவது புளூ டைகர், கே.டி.எம். கணக்கில் கிளாஸ் 26. நிஜ வண்டியில் ஓடுவது அமெரிக்க ஜி.ஈ. (ஜெனரல் எலக்ட்ரிக்) டீசல் எஞ்சின். இங்கே சுனாமி2 முந்திக்கொள்கிறது. ஜி.ஈ. ரகங்களுக்கான பதிப்பில் பல எஞ்சின் ஒலிகள் ஏற்கெனவே இருக்கின்றன. சி.வி. எனப்படும் டீகோடர் அமைப்பு எண்ணை மாற்றினால் எஞ்சின் ஒலி மாறும், ஹாரன் மாறும். கணினியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். ஆனால் உள்ளே இல்லாத ஒலியை நாம் ஏற்ற முடியாது.

மோட்டாரை ஓட்டுவதில் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. லோக்சவுண்டில் சி.வி. 54க்குப் பூஜ்யம் கொடுத்து, கட்டுப்பாட்டுக் கருவியில் எஃப்1 பொத்தானை அழுத்தினால், அது தானாகவே மோட்டாரை அளந்துகொள்ளும். அளப்பதற்கு முழு வேகத்தில் பாயும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எனக்கு அது தெரியாது. மேசை விளிம்பில் மனைவி கைநீட்டிப் பிடித்திருக்காவிட்டால் கிளாஸ் 37 தரையில் விழுந்திருக்கும். தண்டவாளத்தில் அழுக்கு இருந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். அதற்குக் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் மாட்ட வேண்டும். சுனாமி2க்கு கரண்ட்கீப்பர் என்ற கெபாசிட்டர் பெட்டியை இரண்டு கம்பியில் மாட்டிவிடலாம். லோக்சவுண்டைச் செய்யும் ஈ.எஸ்.யூ. கம்பெனியின் பவர்பேக்குக்கு மூன்று கம்பி. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாதவருக்கு இது ஒரு தொல்லைதான்.

பழைய டீகோடரை அப்படியே வைத்துக்கொண்டு ஒலி மாட்யூல் மட்டும் சேர்க்கலாமே என்பார்கள். செலவு குறையும். ஆனால் மோட்டார் ஏற்றத்தில் திணறுவது அந்த மாட்யூலுக்குத் தெரியாது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே உறுமல்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

டீகோடரைவிட ஸ்பீக்கரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பீக்கரின் முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் பின்பக்கம் காற்று கசியாத பெட்டி வேண்டும். விலை உயர்ந்த டீகோடரோடு பெட்டியில்லாத ஸ்பீக்கரை மாட்டினால் தகர டப்பாவில் கொசு அடைத்த மாதிரி இருக்கும். சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கர் இரண்டைப் பெட்டியோடு வைத்தபோதுதான் என் 'டிராக்டர்' உறுமியது. சுனாமி2க்கு 8 ஓம் ஸ்பீக்கர் போடுங்கள். லோக்சவுண்ட் 5, 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். ஸ்பீக்கர் கம்பி எஞ்சினின் உலோகச் சட்டத்தில் படாமல் இருக்கட்டும். பட்டால் டீகோடர் புகைந்துவிடும். அந்த வாசனை எனக்குத் தெரியும்.

தம்பியிடம் இருப்பது ஜி.ஈ. வண்டி. சுனாமி2 வாங்கச் சொல்லிவிட்டேன். அடுத்து கிளாஸ் 37 வாங்கினால் என் லோக்ப்ரோகிராமரை எடுத்துக்கொண்டு போகலாம், திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால் சரி.