ஹாரிசன் ஏரி: தனியாகப் போக எந்தக் கரை?

கனடாவின் வான்கூவரிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் ஹாரிசன் ஏரி. நீளம் சுமார் 60 கி.மீ. இரண்டு கரையிலும் மரம் வெட்டுகிறவர்களுக்காகப் போட்ட மண் ரோடு உண்டு: வெஸ்ட் ஹாரிசன், ஈஸ்ட் ஹாரிசன். துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல், காலையில் போய் மாலைக்குள் திரும்ப எது சரி? என் ஓட்டு மேற்குக்கு. அழகில் கிழக்கு ஒரு படி மேல்தான். ஆனால் தனியாகப் போகிறவருக்கு வழியில் ஆள் நடமாட்டம் முக்கியம்.

மேற்கு ரோடு ஹாரிசன் மில்ஸ் பக்கம் பிரிகிறது. ட்வென்டி மைல் பே என்ற வளைகுடா வரை, கோடை வாரக்கடைசிகளில், முகாம் போடுகிறவர்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கூரான கல் டயரைக் கிழித்து, கழற்றிப் பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்றாலும் கை காட்ட ஒரு வண்டி வரும். மெயின் ரோட்டுக்கு, தரையிலிருந்து கொஞ்சம் உயரமான, நல்ல டயர் போட்ட வண்டி போதும். மலையேறும் கிளை ரோடுகள் வேறு கதை. ஆல்டர் செடிகள் இரண்டு பக்கமும் பெயின்ட்டைக் கீறும். கைவிடப்பட்ட ரோடுகளில் மழைநீர் வடிய குறுக்கே பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். முன் பம்பர் இடிக்குமா என்று இறங்கி நடந்து பார்க்காமல் இறக்க வேண்டாம். வடக்கே போய்க்கொண்டே இருந்தால் பெம்பர்டன் பக்கம் சேரலாம், ஆனால் அது அரைநாள் வேலை இல்லை.

கிழக்கு ரோடு ஹாரிசன் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டி காக்பர்ன் ஓடை வரை பெரிய தொந்தரவு தராது. ஆசை காட்டுவது அதற்கு அப்பால் பிரியும் கிளியர் கிரீக் ஏற்றம். காட்டுக்குள் பழைய குளியல் தொட்டியில் வெந்நீர் ஊற்று என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? ஆனால் அது அரித்துப்போன பழைய சுரங்கப் பாதை. வண்டியில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் கியர்) இருந்தாலும், பாதி ஏற்றத்தில் சிக்கினால் இழுத்துவிட இரண்டாவது வண்டி வேண்டும். போனில் சிக்னலும் இருக்காது.

மர லாரிகள் விஷயத்தில் இரண்டு கரையும் ஒன்றுதான். வாரநாளில் போனால் போர்டில் எழுதிய சேனலை டூ-வே ரேடியோவில் (பேசவும் கேட்கவும் முடிகிற ரேடியோ) வையுங்கள். கி.மீ. பலகை வரும்போது ரோட்டின் பெயர், பலகையில் உள்ள கி.மீ. எண், எண் ஏறும் பக்கம் என்றால் 'அப்', இறங்கும் பக்கம் என்றால் 'டவுன்' என்று சொல்ல வேண்டும். சுமையோடு வரும் லாரிக்கு ஒதுங்குவது நம் வேலை, அது சட்டென்று நிற்காது.

மேற்கில் ஒரு குறை: மலை பின்னால் இருப்பதால் மதியத்துக்கு மேல் வெயில் சீக்கிரம் போய்விடும். அக்டோபரில் மூன்று மணிக்கே வண்டியைத் திருப்புவது நல்லது. அப்புறம், எந்தக் கரை, எந்தக் கிளை வரை என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வெறுமனே 'ஹாரிசன்' என்று எழுதினால் தேடுகிறவர்கள் எதிர்க்கரைக்குப் போய்விடலாம்.