கிரவுன் எக்ஸ்எல்ஐ 800: வாட் கேட்பதற்கு முன் ஓம் கேளுங்கள்

கோயில் திருவிழா, பிறந்தநாள், உறுமி மேளம் என்று சின்ன நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கிறவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர் இருக்கிறோம். புதிதாக ஆம்ப் (ஸ்பீக்கர் பெட்டிகளை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். எத்தனை ஓமில், அதாவது எவ்வளவு மின்தடை உள்ள பெட்டியில், அந்த வாட் என்று கூடவே கேட்காவிட்டால் அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. செந்தூல் பக்கம் எங்கள் குழு பயன்படுத்துகிற கிரவுன் எக்ஸ்எல்ஐ 800 எனக்குப் பிடித்ததற்குக் காரணமே, கம்பெனி அந்தக் கணக்கை ஒளிக்காமல் போட்டிருப்பதுதான். ஒரு சேனலுக்கு 8 ஓமில் 200 வாட், 4 ஓமில் 300 வாட். இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே பெட்டியை ஓட்டும்படி பிரிட்ஜ் செய்தால் 8 ஓமில் 600 வாட்.

அந்த 200, 300 இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 8 ஓமில் 200 வாட் என்றால் ஆம்ப் 40 வோல்ட் கொடுக்கிறது, 5 ஆம்பியர் ஓடுகிறது. அதே 40 வோல்ட் 4 ஓமிலும் நின்றிருந்தால் 400 வாட் வந்திருக்க வேண்டும். வருவது 300, அதாவது சுமார் 34.6 வோல்ட்தான், ஏனென்றால் கரண்ட் 8.7 ஆம்பியருக்கு ஏறும்போது பவர் சப்ளையால் அதே வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. இதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால், ஒரு சேனலில் ஒரு 8 ஓம் பெட்டி இருந்தபோது அதற்கு 200 வாட் கிடைத்தது, இன்னொன்றை லிங்க் செய்ததும் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகி ஆளுக்கு 150 வாட், அதோடு ஆம்ப் எல்லையைத் தொட்டதைக் காட்டும் கிளிப் விளக்கும் முன்னைவிடச் சீக்கிரமே எரியத் தொடங்கும். கூட்டம் பரந்து உட்கார்ந்திருந்தால் இரண்டாவது பெட்டி வேண்டும்தான், நாங்களும் போடுகிறோம். ஆனால் பெட்டி கூடினால் ஆம்புக்குப் பலம் கூடும் என்று நினைத்துப் போடாதீர்கள், கூடுவது அதன் சுமைதான்.

மூன்றாவது பெட்டி வேண்டவே வேண்டாம். மூன்று 8 ஓம் சேர்ந்தால் 2.67 ஓம், இந்த ஆம்ப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாடகை செட் கொண்டு வரும் சிலர் "ஒண்ணும் ஆகாதுண்ணே, மாட்டுங்க" என்பார்கள். கேட்காதீர்கள். இதைவிட ஏமாற்றுவது இரட்டை 15 அங்குலப் பெட்டி, அதில் பல 4 ஓம். பார்க்க ஒரே பெட்டி, ஆம்புக்கு அதுவே இரண்டு பெட்டிச் சுமை, அதனால் ஒரு சேனலுக்கு ஒன்றோடு நிறுத்திவிட வேண்டும். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அழிந்து போயிருந்தால் ஜாலான் பாசாரில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு அதன் முனையில் இருக்கும் ஸ்பீக்கான் என்ற வட்டப் பிளக்கின் 1+, 1- இரண்டிலும் முனைகளை வைத்தால் 8 ஓம் பெட்டி 6க்குப் பக்கத்தில் காட்டும், 4 ஓம் பெட்டி 3க்கு மேல் கொஞ்சம். மீட்டர் காட்டுவது கம்பிச்சுருளின் நேர் மின்தடையை, அதனால்தான் குறைவாக வருகிறது. பாட்டு ஓடும்போது பெட்டி காட்டும் மின்தடை, அதாவது இம்பீடன்ஸ், சுருதிக்குச் சுருதி மாறிக்கொண்டே இருக்கும், 8 ஓம் என்பது ஒரு பெயரளவு எண்தான்.

அப்புறம் கிளிப். ஆம்ப் கொடுக்கக்கூடிய வோல்ட்டுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, மிக்சர் அதற்கு மேல் கேட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். தவில்காரர் வலந்தலையில் ஓங்கி அடிக்கும் அந்த ஒரு கணத்துக்கு, சராசரியைவிடப் பத்து மடங்குக்கு மேல் சக்தி தேவைப்படும். அப்போது சிவப்பு விளக்கு லேசாக மின்னி மறைந்தால் பயமில்லை. பாடகர் பல்லவி முழுக்கப் பாடி முடிக்கும்வரை அணையாமல் எரிந்தால் உடனே மிக்சரில் இறக்குங்கள். பேஸ் உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும், ட்ரெபிள் மட்டும் ஏறிக்கொண்டே போகும், வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாகப் பிறக்கும் கூர்மையான ஓசைகளும் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டருக்குத்தான் போய்ச் சேரும். அது தாங்கும் வாட் பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சின்ன ஆம்ப் போட்டால் பெட்டி பத்திரம் என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் ரொம்பவே ஊறியிருக்கிறது, அது சரியில்லை. சின்ன ஆம்பை மூச்சு முட்ட ஓட்டினாலும் டுவீட்டர் கருகும்.

பின்பக்கம் 0.775 வோல்ட், 1.4 வோல்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, எத்தனை வோல்ட் உள்ளே வந்தால் ஆம்ப் முழு வாட்டைத் தரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது, ஆனால் யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மிக்சரின் வழக்கமான அளவு 1.23 வோல்ட். சுவிட்ச் 0.775இல் இருந்து, முன்பக்க நாப்பும் முழுக்கத் திறந்திருந்தால் மிக்சர் மீட்டர் சாதாரணமாக இருக்கும்போதே ஆம்ப் கிளிப் ஆகும். 1.4இல் வையுங்கள். நாப்பைப் பாதியில் வைத்தால் கிளிப் வராது என்பதும் தப்பு, உள்ளே வருவதைத்தான் நாப் குறைக்கிறது, உச்சவரம்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிரிட்ஜில் 600 வாட் என்றதும் ஆசை வரும். அப்போது ஒவ்வொரு சேனலும் பெட்டியில் பாதி இம்பீடன்ஸைத்தான் பார்க்கிறது, 8 ஓம் பெட்டி 4 ஓம் ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு 8 ஓம் பெட்டி மட்டும்.

பந்தலுக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக இழுத்துக் கரண்ட் எடுக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். கனமான டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்புகளில் 230 வோல்ட் 207 ஆக இறங்கினால் 200 வாட் ஏறக்குறைய 160க்கு வந்துவிடும், ஓம் கணக்கு சரியாக இருந்தும் கிளிப் ஆகும்.

குறை என்று பார்த்தால், விசிறிச் சத்தம் தேவார வகுப்பு மாதிரி அமைதியான இடத்தில் காதில் விழுகிறது. சப்வூஃபருக்குப் பேஸை மட்டும் பிரித்து அனுப்ப உள்ளேயே கிராஸ்ஓவர் கிடையாது, அது வேண்டுமென்றால் இதே கம்பெனியின் எக்ஸ்எல்எஸ் வரிசைக்குப் போக வேண்டும். இரண்டு பெட்டி, இரண்டு மைக், ஒரு கீபோர்டு, நடுத்தர மண்டபம் என்றால் எக்ஸ்எல்ஐ 800ஐத் தைரியமாக வாங்கலாம். நாலு பெட்டியோடு வெளியரங்கில் உறுமி மேளம் என்றால் இதைப் பிழிய வேண்டாம், 8 ஓமில் 330 வாட், 4 ஓமில் 450 வாட் தருகிற எக்ஸ்எல்ஐ 1500ஐப் பாருங்கள்.