பழைய கணினி இரண்டு, நடுவில் ஒரு 5 போர்ட் ஸ்விட்ச்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் டெஸ்க்டாப் ஒன்று, விண்டோஸ் 7 போட்டது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே ஃபைல் போய்வர டிபி-லிங்க் டிஎல்-எஸ்எஃப்1005டி என்ற நெட்வொர்க் ஸ்விட்ச் தாராளம். சின்ன பிளாஸ்டிக் பெட்டி, 10/100 எம்பிபிஎஸ் போர்ட் ஐந்து, தனி அடாப்டர். மென்பொருள் எதுவும் வேண்டாம்; செருகினால் லைட் எரியும், அவ்வளவுதான்.

இரண்டு கணினியை நேரடியாக இணைக்கும் கிராஸ்ஓவர் கேபிள் ஒன்றிலேயே வேலை முடியுமே என்பார்கள். முடியும். ஆனால் ஒரு கணினியை அணைத்தால் மற்றதில் 'கேபிள் செருகவில்லை' என்ற அறிவிப்பு வந்து நிற்கும். நாளைக்கு நெட்வொர்க் பிரிண்டர் வாங்கினால் அதற்கு இடமிருக்காது. இந்த ஸ்விட்ச் எந்த வகை கேபிளையும் தானே புரிந்துகொள்ளும்.

கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாங்கினாலும் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. நாலு தடவை மடக்கினால் ஒடியும். கிரிம்ப் செய்யும்போது, அதாவது கேபிள் முனையில் ஜாக்கை அழுத்திப் பொருத்தும்போது, இரண்டு முனையிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து உட்கார வேண்டும். ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6 என்று அடுக்கிவிட்டால் லைட் எரியும், இணைப்பைச் சோதிக்கும் பிங்கும் போகும். பெரிய ஃபைலை காப்பி செய்யும்போதுதான் ஆமை வேகம். பாவம், திட்டு வாங்குவது ஸ்விட்ச்.

நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை ஸ்விட்ச் கொடுக்காது. நாமே போட வேண்டும். ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதுக்கு 192.168.10.2, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. வீட்டு வைஃபை 192.168.1 வரிசையில் இருந்தால் இங்கேயும் அதையே போடாதீர்கள், குழம்பும். விண்டோஸ் 7-இல் நெட்வொர்க்கை 'ஹோம்' என்று வையுங்கள். 'பப்ளிக்' என்றால் ஷேரிங் அடைபடும். ஒர்க்குரூப் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். மை நெட்வொர்க் பிளேசஸில் மற்ற கணினி தெரியும் வரை காத்திராமல் ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபியை அடித்தால் உடனே திறக்கும். விண்டோஸ் 7-க்குப் பதில் விண்டோஸ் 10 என்றால் சிக்கல்: எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை மட்டும், 1709 பதிப்பிலிருந்து அது புதிதாகப் போடும் விண்டோஸில் முழுமையாக வருவதில்லை.

வேகம் நொடிக்கு 10, 11 எம்பி (மெகாபைட்). ஒரு டிவிடி அளவு, அதாவது 4.7 ஜிபி, ஏழெட்டு நிமிடம். 100 எம்பிபிஎஸ் லேன் கார்டு உள்ள கணினிக்கு கிகாபிட் ஸ்விட்ச் வாங்குவது வீண். ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டி, போய்ச்சேரும் டிரைவின் ஃபார்மட் ஃபேட்32 ஆக இருந்தால் காப்பி ஆகாது. அது ஸ்விட்ச் குறையல்ல.

குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று ஜாக்கின் உலோகத் தகடுகளை அரிக்கும். சும்மா இருக்கும் போர்ட்டுகளில் டேப் ஒட்டுங்கள். லைட் விட்டு விட்டு எரிந்தால் முதலில் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்விட்ச் அடாப்டரையும் யூபிஎஸ்ஸிலேயே மாட்டுங்கள். கணினி இரண்டும் யூபிஎஸ்ஸில் இருந்து இது மட்டும் சுவரில் இருந்தால், கரண்ட் போகும் நொடியில் காப்பி பாதியில் அறுந்துவிடும்.