காற்று வாங்கும் நீச்சல் குளப் பம்புக்குச் சீல் தொகுப்பு: எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்வதில்லை

நீச்சல் குளப் பம்பில் பிரைம் (பம்பும் உறிஞ்சு குழாயும் காற்றின்றி நீரால் நிறைந்திருக்கும் நிலை) நிற்கவில்லை என்றால் குளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, பம்பின் மாடலுக்கு ஏற்ப விற்கப்படும் சீல் தொகுப்பைத்தான். ஒரே உறைக்குள் மெக்கானிக்கல் சீல் ஒன்று, ஸ்ட்ரெயினர் (பம்பின் முன்னால் குப்பையைப் பிடிக்கும் கூடை இருக்கும் பானை) மூடிக்கான பெரிய ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், டிஃப்யூசர் ஓ-ரிங், பம்பை மோட்டார் பக்கம் மூடும் சீல் பிளேட்டுக்கும் பம்பின் உடலுக்கும் இடையில் உட்காரும் கேஸ்கெட், அடிப்பகுதியில் உள்ள வடிகால் திருகுகளுக்கான சிறிய ஓ-ரிங்குகள், கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் ஆகியவை வருகின்றன. நான் பயன்படுத்தியது பம்பின் மூல உற்பத்தியாளர் தருவதல்ல. வேறொரு நிறுவனம் அதே அளவுகளில் செய்து விற்பது. பாகங்களின் தரத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் பிரைம் நழுவும் பிரச்சினைக்கு இதில் உண்மையாக வேலை செய்பவை மலிவான ரப்பர் வளையங்கள்தான். விலையில் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும் மெக்கானிக்கல் சீலுக்கு இந்தப் பிரச்சினையில் பங்கு குறைவு. தொகுப்போடு வரும் துண்டுத்தாள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறது.

குளத்தில் பயன்படுவது மையவிலக்குப் பம்ப். இம்பெல்லர் (மோட்டார் சுழற்றும் இறக்கைச் சக்கரம்) சுழலும்போது தண்ணீரை வெளிப்புறமாக வீசி, நடுவில் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கிக் குளத்து நீரைத் தள்ளுவது வளிமண்டலம். அடர்த்தி மிகக் குறைந்த காற்று இம்பெல்லரில் நிறைந்துவிட்டால் இந்த அழுத்த வேறுபாடு போதுமான அளவு உருவாகாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. தானே பிரைம் பிடிக்கும் பம்ப் என்று விற்கப்படுபவையும் ஸ்ட்ரெயினர் பானையில் முதலில் தண்ணீர் நிரப்பப்பட்டிருந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்க வல்லது என்றாலும், பம்புகளின் உறிஞ்சு உயரம் நடைமுறையில் அதைவிட மிகக் குறைவு; உறிஞ்சு பக்கத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தால் அதுவும் கிடைக்காது. அந்தப் பக்கம் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருப்பதால், ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவைக் கண்ணால் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

தொகுப்பில் நான் முழு மனதோடு பரிந்துரைக்கும் பொருள் மூடியின் ஓ-ரிங். வெயிலிலும் குளோரினிலும் காய்ந்து, ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிப்போன பழைய வளையத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு கையில் எடுத்தவுடனேயே தெரியும். இந்தத் தொகுப்பில் வந்தது சரியான தடிமனில், பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்தது. மூடியின் பள்ளத்தில் மணலோ முடியோ இருந்தால் புதிய வளையமும் பயன் தராது என்பதால், ஈரத் துணியால் பள்ளத்தைத் துடைத்துவிட்டு, வளையத்தின் மீது கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் போதும். உடன் வரும் சிலிக்கான் கிரீஸைத் தவிர வேறெதையும், குறிப்பாக வீட்டில் இருக்கும் வாசலினையோ வண்டிக்குப் போடும் கிரீஸையோ, தடவ வேண்டாம். பெட்ரோலியம் கலந்தவை இவ்வகை ரப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் வளையத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. மூடியையே மாற்ற வேண்டும்.

வடிகால் திருகுகளின் சிறிய வளையங்களும் அதே தரம்தான். அவற்றைப் பலர் தொடுவதே இல்லை.

மெக்கானிக்கல் சீலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொகுப்பின் பெயரே அதிலிருந்துதான் வருகிறது. இது இம்பெல்லருக்குப் பின்னால், மோட்டார் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் செராமிக், மறுபக்கம் ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் கார்பன். இரண்டு மெருகேற்றிய முகங்களும் ஒன்றோடொன்று உரசிச் சுழல்வதால் தண்ணீர் தடுக்கப்படுகிறது. பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது அந்த இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம் என்பதால், சீல் தேய்ந்திருந்தால் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே தண்ணீர் சொட்டும். சொட்டவே இல்லை, கூடையில் மட்டும் காற்றுக் குமிழ்கள் ஓடுகின்றன என்றால் சந்தேகத்தை வேறு இடத்தில் வைப்பதுதான் முறை. அழுத்தம் இன்னும் உருவாகாத பிரைமிங் கட்டத்தில், மிகவும் தேய்ந்த சீல் வழியாகக் காற்று நுழையலாம் என்பது உண்மை; ஆனால் அத்தகைய சீல் ஓடும்போது கட்டாயம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாற்றுவதாக இருந்தால், செராமிக் பாகம் சீல் பிளேட்டிலும் ஸ்பிரிங் பாகம் இம்பெல்லரிலும் உட்கார வேண்டும். மெருகேறிய முகங்களை விரலால் தொடக்கூடாது, அவற்றில் கிரீஸ் படவும் கூடாது. துண்டுத்தாளில் இந்த எச்சரிக்கை மிகச் சிறிய எழுத்தில் கடைசி வரியாக இருக்கிறது. முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அது.

மாறாக, துண்டுத்தாள் ஒரு சொல்கூடச் சொல்லாத டிஃப்யூசர் ஓ-ரிங்குக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். மூடி, திருகுகள், குழாய் எல்லாம் இறுக்கமாக இருந்தும், காற்றுக்குமிழ் எங்கும் தெரியாமலும், பம்ப் பிரைம் பிடிக்கவே திணறுகிறது என்றால் இந்த வளையத்தைப் பார்க்க வேண்டும். இம்பெல்லர் வீசிய தண்ணீரை டிஃப்யூசர் வெளியேறும் பக்கம் திருப்புகிறது. அங்கிருக்கும் வளையம் தேய்ந்துவிட்டால், அழுத்தமேறிய தண்ணீரின் ஒரு பகுதி உறிஞ்சு பக்கத்துக்கே திரும்பிப் போய், பம்ப் தன்னிடம் இருக்கும் தண்ணீரையே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து எந்தச் சோதனையாலும் இது பிடிபடாது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பிரித்த கையோடு இம்பெல்லரின் இடுக்குகளில் முடியும் இலைத்துணுக்கும் சிக்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. அடைபட்ட இம்பெல்லரும் இதே அறிகுறியைக் காட்டும். மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால் வயரிங் மாறி எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்பதையும் கவனிக்கலாம்.

எனவே தொகுப்பை வாங்குவதற்கு முன் கசிவு எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்வது அவசியம், அதற்குச் செலவும் இல்லை. முதலில் குளத்து நீர்மட்டம் ஸ்கிம்மர் (குளத்தின் ஓரத்தில் மேல்நீரை இழுக்கும் திறப்பு) வாயின் பாதி வரையாவது இருக்கிறதா, ஸ்கிம்மரின் மிதவைக் கதவு சிக்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் ஸ்கிம்மரில் சுழல் உண்டாகி அங்கேயே காற்று உள்ளே போகும், எந்தச் சீலும் அதைத் தடுக்காது. அடுத்து, பம்ப் ஓடும்போது ஸ்கிம்மர் வால்வை மூடி அடிவடிகால் வழியாக மட்டும் இழுக்க விட்டால், குமிழ் நிற்கிறதா தொடர்கிறதா என்பதிலிருந்து குழாய் வரிசை எது என்று தெரிந்துவிடும். மாற்றிப் போட்டு ஸ்கிம்மர் வழியாக மட்டும் இழுத்தாலும் குமிழ் தொடர்ந்தால் குற்றவாளி பம்புக்கு அருகில் இருக்கிறது. அப்போது மூடி, யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு), வால்வுத் தண்டு, உறிஞ்சு வாயின் மரை இணைப்பு ஆகியவற்றின் மீது ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கூடையைக் கவனித்தால், சரியான இடத்தில் ஊற்றும்போது குமிழ் சட்டென்று குறையும். ஷேவிங் நுரையைப் பூசினால் ஓட்டை அதை உள்ளே இழுத்துக் குழி காட்டும். பம்ப் குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் எளிது: ஓடும்போது உலர்ந்திருந்து, நிறுத்தியதும் ஈரமாகும் இணைப்பைத் தேடினால் போதும்.

இப்படித் தேடினால் பல இடங்களில் அகப்படுவது, இந்தத் தொகுப்பில் இல்லாத ஒரு பாகம்: பம்பின் உறிஞ்சு வாயில் மரையோடு திருகப்படும் பிவிசி அடாப்டர். தண்ணீரின்றிப் பம்ப் ஓடும்போது பானைக்குள் எஞ்சிய நீர் சூடேறும். 60 டிகிரி செல்சியஸ் என்பது பிவிசி குழாய்களுக்கு மேல் வரம்பு. அதைத் தாண்டும்போது மரை இளகிச் சுருங்கி, மீண்டும் குளிர்ந்தபின் பிடிப்பை இழந்துவிடும். வெளியே பசை பூசி மூடுவது சில நாள் தாங்கும். வெட்டி எடுத்துப் புதிய அடாப்டரை டெஃப்லான் டேப் சுற்றிப் பொருத்துவதுதான் தீர்வு. பம்ப் குளத்தைவிட உயரத்தில் இருந்து, ஓடும்போது ஒரு குறையும் இல்லாமல், நிறுத்திய பிறகு மட்டும் தண்ணீர் இறங்கிவிடுகிறது என்றால் தேவைப்படுவது சீல் அன்று, உறிஞ்சு குழாயில் நீரைத் திரும்பிப் போகவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. அது ஏற்கெனவே இருந்தால் அதன் தகடு குப்பையால் மூடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துண்டுத்தாளில் எனக்குக் கோபம் வரவழைத்த இடம், பாகங்களை மாற்றிய பின் பம்பை இயக்கும் பகுதி. பானையில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, இயக்கவும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஃபில்டர் தொட்டியின் காற்று வெளியேற்றும் வால்வைத் திறந்து வைத்துத்தான் இயக்க வேண்டும், அதிலிருந்து தண்ணீர் சீராக வரும் வரை தொட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது அதில் இல்லை. தொட்டிக்குள் அடைபட்ட காற்று அமுங்கினால், சரியாக இறுக்கப்படாத தொட்டி மூடி வெடித்துப் பறக்கும் அளவு ஆற்றல் அதில் சேரும். மணல் ஃபில்டராக இருந்து, நீரின் வழியைக் கைப்பிடியால் மாற்றும் மல்டிபோர்ட் வால்வும் இருந்தால், பம்பை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை, நீர் மணல் வழியாகப் போகாத ரீசர்குலேட் நிலைக்கு மாற்றிப் பின் இயக்கினால், மணலின் எதிர்ப்பு இல்லாததால் பிரைம் விரைவில் பிடிக்கும். சில நிமிடங்களில் தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மீண்டும் நிரப்ப வேண்டும். வரட்டும் என்று ஓட விட்டால் புதிதாகப் போட்ட மெக்கானிக்கல் சீல் வறண்டு உரசி அன்றைக்கே தீய்ந்துபோகும்.

மோட்டாரைக் கழற்றிப் பழகியவர்கள், பம்ப் சில பருவங்களைக் கடந்திருந்தால், தொகுப்பையே வாங்கலாம்; ஒருமுறை பிரித்தால் எல்லா வளையங்களையும் சேர்த்து மாற்றிவிடுவது மீண்டும் பிரிக்கும் வேலையை மிச்சப்படுத்தும். பம்ப் சொட்டவில்லை, குமிழ் மட்டும் வருகிறது என்பவர்கள் மூடியின் ஓ-ரிங்கையும் வடிகால் திருகு வளையங்களையும் தனியாக வாங்கினால் போதும். இதே நிறுவனம் அவற்றைச் சில்லறையாகவும் விற்கிறது. வாங்கும்போது பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணை முழுமையாக ஒப்பிட்டுப் பார்க்கவும். ஒரே பெயரில் வரும் பம்புகளிலும் மூடியின் விட்டம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கலாம்.