விம் கட்டளை இல்லையா? நிறுவுவதா, இருக்கும் வீஐ போதுமா?

புது லினக்ஸ் சர்வரில், கோப்புகளைத் திருத்தும் எடிட்டரான விம்மைத் திறக்க விம் என்று தட்டியதும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் பதற வேண்டாம். பல நேரம் எடிட்டர் உள்ளேயே இருக்கும், பெயர்தான் வேறு. டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் விம்-டைனி, ரெட் ஹேட் வகை லினக்ஸில் விம்-மினிமல் என்ற சிறிய தொகுப்புகள் வீஐ (விம்முக்கு முன்னோடியான எடிட்டரின் பெயர்) கட்டளையை மட்டும் தருகின்றன. முதலில் வீஐ என்று தட்டிப் பாருங்கள்.

அனுமதி: விம் நிறுவ ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும். வீஐ-க்கு வேண்டாம்.

நேரம்: விம் நிறுவ உபுண்டுவில் ஆப்ட் அப்டேட், அப்புறம் ஆப்ட் இன்ஸ்டால் விம் என்று இரண்டு கட்டளைகள். ரெட் ஹேட்டில் தொகுப்பின் பெயர் விம்-என்ஹான்ஸ்டு; இது தெரியாமல் தேடி அலைபவர்கள் உண்டு. வீஐ உடனே திறக்கும்.

வசதி: பெரிய வித்தியாசம் இங்கேதான். விம்-டைனியை வீஐ என்று திறந்து, இன்செர்ட் நிலையில் (எழுத்து தட்டும் நிலை) அம்புக்குறி விசையை அழுத்தினால் கர்சர் நகராமல் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயம் வரும். எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி போட்டு 'செட் நோகம்பாட்டிபிள்' என்று கொடுங்கள், சரியாகிவிடும். ஆனால் நிரல் வரிகளுக்கு நிறம் வராது. அதற்கு முழு விம்தான் வேண்டும்.

நிலைப்பு: டாக்கர் கன்டெய்னருக்குள் (செயலிகளைத் தனியாக ஓட்டும் பெட்டி போன்ற சூழல்) நிறுவிய விம், கன்டெய்னரை நீக்கியதும் போய்விடும். கன்டெய்னரை உருவாக்கும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலில் சேர்த்தால் நிற்கும்.

கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் இரண்டு வரி மாற்றவா? வீஐ போதும். தினமும் அதே சர்வரில் நிரல் எழுதுகிறீர்களா? யோசிக்காமல் விம்மை நிறுவுங்கள்.