மேடையா, வெட்டவெளியா, கொட்டகையா?

பழைய சமூகத் தோட்டத்தைப் புதுப்பித்து, பாட்டும் ஆட்டமும் கதைகளும் நடக்கிற இடமாக மாற்றலாம் என்று பேச்சு எழுந்தாலே, யாராவது ஒருவர் "நடுவில் ஒரு மேடை கட்டிவிடலாம்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேடை, வெட்டவெளி, ஓரத்தில் ஒரு கொட்டகை என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் கொட்டகைக்குத்தான் கை தூக்குவேன்.

மேடைக்கு உள்ள பலம் வெளிப்படையானது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆடுபவரின் கால்கள் தெரியும். முதல்முறை பாட வரும் குழந்தைக்கு இரண்டு படி ஏறி நிற்பதே ஒரு பெருமை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தோட்டம் கொடுக்கும் விலை பெரிது. தோட்டத்தின் நடுப்பகுதிதான் பெரும்பாலும் அதிக வெயில் படும் இடம். காய்கறிப் பயிர்களுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அந்த இடத்தில் சிமெண்ட் போட்டுவிட்டால் பாத்திகள் நிழலுக்குத் தள்ளப்படும். மரங்களின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைப் பரப்பைத் தாண்டியும் ஓடுகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது முதலில் அறுபடுவது அவைதான். ஜல்லி ஏற்றிய வண்டி நாலு முறை போய்வந்தாலே மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் தேங்கும். இத்தனையும் விழா நாட்களுக்காக. மற்ற நாட்களில் மேடையில் சருகுதான் கிடக்கும்.

வெட்டவெளி இதற்கு நேர் எதிர். எதையும் கட்ட வேண்டாம். பாத்திகளுக்கு இடையில் கொஞ்சம் புல்தரை, கொஞ்சம் நாற்காலிகள், அவ்வளவுதான். 1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் சிறு பொதுவெளிகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், மக்கள் உட்காரும் முன் அதைச் சற்றாவது நகர்த்திக்கொள்கிறார்கள் என்று கண்டார். பல நேரம் இருந்த இடத்திலிருந்து ஓரிரு அங்குலம்தான் நகரும். ஆனாலும் அது 'என் இடம்' ஆகிவிடுகிறது. நிலைப்பெஞ்சால் இதைத் தர முடியாது. குறை என்னவென்றால், வெயிலுக்கும் மழைக்கும் வெட்டவெளியிடம் பதில் இல்லை. நாலு கூட்டம் நடந்தால் புல் தேய்ந்து சேறாகிவிடும். மரத்தூளோ சரளையோ பரப்பலாம், ஆனால் சக்கர நாற்காலி அதில் சிக்கும். அதற்கென்று உறுதியான பாதை ஒன்று தேவை. திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் அகல இடமும் வேண்டும்.

சரி, கொட்டகை. தண்ணீர்க் குழாய்க்கும் கருவி அறைக்கும் பக்கத்தில், மரத்தூண்களில் நிற்கும் ஒரு கூரை. நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1970களின் இறுதியில் வெறுமையாகக் கிடந்த மனையைச் சுத்தம் செய்து, 'காசா ரின்கோன் கிரியோயோ' என்ற சிறு மரவீட்டைத் திண்ணையோடு எழுப்பினார்கள். சுற்றிலும் தோட்டம். பொம்பா, பிளேனா என்ற அவர்களுடைய ஊர்த் தாள இசை அங்கே வாசிக்கப்பட்டது, கற்றுத்தரப்பட்டது. பின்னால் அந்த இடத்தை விட வேண்டி வந்தபோது, அருகிலேயே அதை மறுபடி எழுப்பிக்கொண்டார்கள். மரத்தில் கட்டியதைத் திரும்பக் கட்டலாம். காங்கிரீட் மேடையை யார் தூக்கிப்போவது?

நான் கொட்டகையை விரும்புவதற்கு அதைவிட முக்கியமான காரணம் குழாயடிதான். மாலையில் ஒருவர் பூவாளியை நிரப்ப வைத்துவிட்டு, கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்காருகிறார். விரலிடுக்கில் இன்னும் மண். இன்னொருவர் நாற்றுக்கட்டோடு வந்து நிற்கிறார். பேச்சு தொடங்குகிறது, ஒருவர் பழைய பாட்டின் ஓர் அடியை எடுத்துவிடுகிறார், மற்றவருக்கு அடுத்த அடி தெரிந்திருக்கிறது. பூவாளி நிரம்பி வழிவதை யாரும் கவனிப்பதில்லை. இது எந்த அழைப்பிதழும் இல்லாமல் நடப்பது. அந்த வாளிக்கு மேலே ஒரு நிழல் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கூரை தண்ணீரும் தரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆக 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 200 லிட்டர் தொட்டிக்கு வரும்.

கொட்டகையின் உண்மையான ஆபத்து சாவி. நாளாக ஆக ஒரே குழு அங்கே உட்கார்ந்து பழகிவிடும். புதிதாக வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார். அதனால் சுவர் வேண்டாம், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். கருவி அறைக்கு மட்டும் பூட்டு. யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்பதைத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு பலகையில், எல்லோருக்கும் தெரிகிற மொழிகளில் எழுதி வைக்க வேண்டும்.

நிலத்தின் குத்தகையே உறுதியில்லை என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போது எதையும் ஊன்றாதீர்கள். பெர்லினில் 2009இல் தொடங்கிய பிரின்ஸெஸ்ஸினென் தோட்டம் பெட்டிகளிலும் சாக்குகளிலும்தான் பயிர் வளர்த்தது.

வரைபடம் போடும் முன் ஒரு வேலை செய்து பாருங்கள். முப்பது நாற்காலிகளைக் குழாயடியில் அடுக்கி வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாலைகள் சும்மா கூடுங்கள். எங்கே உட்கார வேண்டும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இருட்டிய பிறகு நாற்காலிகள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்து, அங்கே முதல் தூணுக்கு முளை அடியுங்கள்.